திறப்பதால் இயங்குகிறதா, இயங்குவதால் திறக்கிறதா: குரோமாட்டினும் மலைத்தோட்டத்து முட்டைகோஸும்

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து தாவரவியல் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது: "குரோமாட்டின் திறந்திருந்தால் மரபணு இயங்கும், மூடியிருந்தால் இயங்காது என்று வகுப்பில் எழுதிக்கொண்டோம். திறப்பதால் இயங்குகிறதா, இயங்குவதால் திறக்கிறதா? இன்னொன்று. எங்கள் தோட்டத்தில் தை மாதம் தாண்டியும் அறுக்காமல் விட்ட முட்டைகோஸ் வெடித்துப் பூத்தண்டு விடுகிறது. அதற்கும் குரோமாட்டினுக்கும் சம்பந்தம் உண்டு என்று ஆசிரியர் சொன்னார். உண்மையா?"

உண்மைதான். சொல்லப்போனால், முதல் கேள்விக்கு இன்றுவரை கிடைத்திருக்கும் மிகத் தெளிவான விடைகளில் ஒன்று அந்தக் கோஸின் குடும்பத்திலிருந்துதான் வந்தது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். (புதிதாகப் படிப்பவர்களுக்கு: செல்லின் உட்கருவில் டி.என்.ஏ.வும் அது சுற்றியிருக்கும் புரதங்களும் சேர்ந்ததுதான் குரோமாட்டின்.)

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மரபணுவை இயக்குவதா வேண்டாமா என்று தொடங்கிவைப்பவை, பெரும்பாலும், டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்துவரிசையைத் தேடிப் பிடித்து ஒட்டும் புரதங்கள். அவற்றுக்கு இடம் கொடுப்பதும் மறுப்பதும் குரோமாட்டின். எடுத்த முடிவை, தொடங்கிவைத்த புரதம் போன பிறகும், செல் பலமுறை பிரிந்த பிறகும் காப்பாற்றி வைத்திருப்பதும் குரோமாட்டின். "திறந்தால் இயங்கும்" என்ற வரியில் இந்த இரண்டாவது வேலை விடுபட்டுப் போகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

கண்ணால் பார்க்கக்கூடியதிலிருந்து தொடங்கலாம். பூம்பாறைப் பக்கம் பூண்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு பல்லை எடுத்து, அடிப்பாகம் மட்டும் நனையும்படி தண்ணீர்ப் பாட்டிலின் வாயில் உட்கார வையுங்கள். சில நாளில் வெள்ளை வேர் இறங்கும். நுனியை வெட்டி, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் பதப்படுத்தி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சற்று மென்மையாக்கி, அசிட்டோகார்மின் என்ற சிவப்புச் சாயத்தில் ஊறவிட்டு, கவர்ஸ்லிப் போட்டுக் கட்டைவிரலால் அழுத்துங்கள். இது எல்லாக் கல்லூரியிலும் செய்யும் பயிற்சிதான். ரெக்கார்டு நோட்டில் வரைய வேண்டும் என்பதால் எல்லோரும் பிரிந்துகொண்டிருக்கும் செல்லையே தேடுவார்கள். 16 குரோமோசோமையும் எண்ணப் பார்ப்பார்கள். நீங்கள் ஒருமுறை பிரியாத செல்களில் நிதானமாக நில்லுங்கள். உட்கருவுக்குள் சிவப்பு ஒரே சீராக இருக்காது. சில இடங்கள் திட்டுத் திட்டாக அடர்ந்திருக்கும், சில இடங்கள் வெளிறியிருக்கும். நுண்ணோக்கியின் நுண்திருகை மெல்லத் திருப்பினால் ஒரு திட்டு மங்கி, அதற்குக் கீழே இன்னொன்று தெளியும். அந்த அடர்த்தி வேறுபாடுதான் நம் விஷயம்.

பூண்டின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 1600 கோடி எழுத்து. மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு. ஒரு செல்லில் அது இரண்டு பிரதி. நேராக நீட்டினால் 10 மீட்டருக்கு மேல் வரும். அது இருக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு. ஆக, மடித்து அடுக்காமல் வேறு வழியில்லை. அடுக்கும் அடிப்படை அலகு நியூக்ளியோசோம். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு ஹிஸ்டோன்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து எட்டுப் புரதத் திரள் ஆகும். அதைச் சுற்றி 147 எழுத்து நீள டி.என்.ஏ. ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றியிருக்கும். பிறகு கொஞ்சம் இடைவெளி, அடுத்த நியூக்ளியோசோம். இந்த அமைப்பை ரோஜர் கோர்ன்பெர்க் 1974இல் முன்வைத்தார். அணு அளவில் தெளிவான படிக அமைப்பு 1997இல் வெளிவந்தது.

மரபணுவின் இயக்கத்துக்கும் இதற்கும் உள்ள முதல் தொடர்பு எளிமையானது. டி.என்.ஏ.வின் ஒரு பக்கம் ஹிஸ்டோனோடு ஒட்டிக்கிடந்தால், அந்தப் பக்கத்து எழுத்துகளைப் படிக்கவேண்டிய புரதம் படிக்க முடியாது. மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. பிரதி எடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் வந்து உட்காரும் தொடக்க இடத்திலேயே நியூக்ளியோசோம் அமர்ந்திருந்தால் வேலை தொடங்காது. ஆனால் இது இறுகிய பூட்டு அல்ல. சுற்றியிருக்கும் டி.என்.ஏ.வின் ஓரங்கள் நொடிக்குப் பலமுறை அவிழ்ந்து மறுபடி சுற்றிக்கொள்கின்றன. அந்த இடைவெளியில் ஒரு புரதம் நுழையலாம். ஏ.டி.பி. ஆற்றலைச் செலவழித்து நியூக்ளியோசோமை நகர்த்தும், பிடுங்கும் புரதக் கூட்டணிகளும் செல்லில் உண்டு. ஆகவே மூடியது, திறந்தது என்று இரண்டு நிலை மட்டும் இருப்பதாக எண்ண வேண்டாம். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்ற அளவு வேறுபாடுதான் இருக்கிறது.

அடர்ந்த திட்டுகளை முறையாகக் கவனித்து எழுதியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் எமில் ஹைட்ஸ். 1928இல் பாசி வகைச் செடிகளின் செல்களில், செல் பிரிந்து முடிந்த பிறகும் தளராமல் அடர்ந்தே நிற்கும் பகுதிகளை அவர் ஹெட்டிரோகுரோமாட்டின் என்றார்; தளர்ந்து வெளிறிப்போகும் பகுதி யூகுரோமாட்டின். நம் சோலைக்காட்டு மரங்களின் அடிமரத்தில் மெத்தையாய்ப் படர்ந்திருக்கும் பாசிகளும், ஓடைக்கரை ஈரப்பாறையில் ஒட்டிக்கிடக்கும் ஈரற்செடிகளும் அவர் பார்த்தவற்றின் உறவுகளே. ஈக்களையும் விலங்குகளையும் வைத்தே இந்தத் துறையின் கதையைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. தொடக்கம் தாவரத்தில் என்பதைத் தாவரவியல் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஈயின் கதையையும் விட முடியாது. 1930இல் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களுக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சியபோது, கண்ணில் சிவப்பும் வெள்ளையும் கலந்து புள்ளி புள்ளியாகத் தெரியும் ஈக்கள் கிடைத்தன. கண்ணுக்குச் சிவப்பு நிறம் தரும் மரபணுவின் எழுத்தில் எந்தக் கேடும் இல்லை. குரோமோசோம் உடைந்து தலைகீழாக ஒட்டியதில் அந்த மரபணு ஹெட்டிரோகுரோமாட்டின் பகுதியை ஒட்டிப் போய்விட்டது, அவ்வளவே. சில செல்களில் அந்த அடர்த்தி மரபணுவின் மேலும் பரவி அதை அடக்கிவிட்டது, சிலவற்றில் பரவவில்லை. ஒருமுறை அடங்கிய செல்லின் வாரிசுகள் அடங்கியே இருந்ததால்தான் வெள்ளை ஒரு திட்டாகத் தெரிந்தது. எழுத்து மாறாமல், இருக்கும் இடத்தாலேயே ஒரு மரபணுவின் விதி மாறும் என்பதற்கும், அந்த விதி வாரிசுச் செல்லுக்கும் போகும் என்பதற்கும் இது மிகப் பழைய சான்று.

இனி நீங்கள் கேட்ட திறப்பு. 1976இல் ஹெரால்ட் வெயின்ட்ராப், மார்க் குரூடீன் இருவரும் கோழிக்கருவின் ரத்தச் சிவப்பணுக்களை எடுத்து, டி.என்.ஏ.வை வெட்டும் டி.என்.ஏஸ் 1 என்ற நொதியை அவற்றின் உட்கருவில் விட்டார்கள். ஹீமோகுளோபினுக்கான புரதத்தைத் தரும் குளோபின் மரபணு விரைவாக வெட்டுப்பட்டது. முட்டை வெண்கருப் புரதத்துக்கான மரபணு, அதே உட்கருவில், எளிதில் வெட்டுப்படவில்லை. சிவப்பணுவுக்குக் குளோபின் வேண்டும், வெண்கருப் புரதம் வேண்டாம். 1980இல் கார்ல் வூ இன்னும் நுணுக்கமாக, இயங்கும் மரபணுக்களின் தொடக்க முனையில் நொதி மிக எளிதில் வெட்டும் சிறு இடங்கள் இருப்பதைக் காட்டினார். 2013க்குப் பிறகு பரவலான ஏடாக்-சீக் முறை செய்வதும் இதே வேலைதான்: டி.என்.ஏஸுக்குப் பதில் டிஎன்5 என்ற நொதி, சில ஆயிரம் செல்களிலிருந்தே முழு மரபுத்தொகுதிக்கும் திறப்பு வரைபடம்.

ஆனால் கார்ல் வூ பார்த்த மரபணுக்களில் பழ ஈயின் வெப்ப அதிர்ச்சி மரபணுக்களும், அதாவது கடும் சூடு பட்டால் இயங்குபவையும், இருந்தன. வெப்பம் தருவதற்கு முன்பே, அவை இயங்காமல் இருக்கும்போதே, அவற்றின் தொடக்க இடம் திறந்துதான் இருந்தது. பாலிமரேஸ்கூட ஏற்கெனவே வந்து, சில பத்து எழுத்து தூரம் ஓடி, அங்கேயே நின்றுகொண்டிருக்கும் என்பது பின்னால் தெரியவந்தது. வெப்பம் வந்ததும் நின்றது ஓடத் தொடங்கும். ஆக, திறந்திருப்பது இயங்குவதற்குத் தேவை. அது மட்டும் போதாது. தேர்வில் அந்த ஒற்றை வரியை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். இந்த மரபணுக்கள் மட்டும் அந்த வரிக்குள் அடங்காது.

அடுத்து, எது காரணம், எது விளைவு? இரண்டு திசையிலும் நடக்கிறது என்பதே நேர்மையான விடை. ஆனால் இரண்டும் சம எடை என்று சொல்லி நழுவக்கூடாது. இடத்துக்கு இடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஈஸ்டில் பி.எச்.ஓ.5 என்ற மரபணு பாஸ்பேட் பற்றாக்குறையின்போது மட்டும் இயங்கும். 1988இல் மைக்கேல் குருன்ஸ்டைன் குழு, பாஸ்பேட் தாராளமாக இருக்கும்போதே, ஈஸ்ட் செல்லில் எச்4 ஹிஸ்டோன் உற்பத்தியை நிறுத்தியது. நியூக்ளியோசோம்கள் குறைந்ததும் அந்த மரபணு தானாகவே இயங்கத் தொடங்கியது. வேறு எந்தத் தூண்டலும் இல்லை. அங்கே மூடியிருப்பதுதான் தடை. எதிர்த்திசைக்கும் குறைவில்லை: பாலிமரேஸ் ஓடும்போது வழியிலுள்ள நியூக்ளியோசோம்களைக் குலைத்துக்கொண்டே போகிறது, அதனோடு பயணிக்கும் நொதிகள் சில குறிகளைப் பின்னால் விட்டுச்செல்கின்றன. அந்தக் குறிகள் இயக்கத்தின் தடம், காரணம் அல்ல.

குறி என்றேன். ஹிஸ்டோன்களின் வால்பகுதி நியூக்ளியோசோமுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலங்களில் அசிட்டைல், மெத்தில் போன்ற சிறு வேதித் தொகுதிகளை நொதிகள் ஒட்டும், எடுக்கும். அசிட்டைல் ஒட்டினால் லைசினின் நேர்மின்சுமை போய்விடும், டி.என்.ஏ. மீதான பிடி தளரும். அசிட்டைலை அடையாளம் கண்டு வந்து ஒட்டும் புரதங்களும் உண்டு. அசிட்டைலுக்கும் மரபணு இயக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று வின்சென்ட் ஆல்ஃப்ரி 1964லேயே எழுதினார். முப்பது ஆண்டுக்கு மேல் பலர் அதை வெறும் உடன்நிகழ்வாகவே கருதினார்கள். 1996இல் டேவிட் ஆலிஸ் குழு டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியிலிருந்து அசிட்டைல் ஒட்டும் நொதியைப் பிரித்தெடுத்து அதன் வரிசையைப் படித்தபோது, அது ஈஸ்டில் மரபணுக்களை இயக்க உதவுவது என்று ஏற்கெனவே தெரிந்திருந்த ஜி.சி.என்.5 புரதத்தின் உறவாக இருந்தது. அதே ஆண்டு, அசிட்டைலை எடுக்கும் நொதி, ஈஸ்டில் மரபணுக்களை அடக்குவது என்று தெரிந்திருந்த புரதத்தின் உறவு என்று இன்னொரு குழு காட்டியது. இரண்டு கண்டுபிடிப்பும் சேர்ந்து துறையின் மனத்தை மாற்றின.

எல்லாக் குறிக்கும் ஒரே மரியாதை கொடுக்கக்கூடாது. பழ ஈயில், எச்3 ஹிஸ்டோனின் 27ஆம் இடத்து லைசினை மெத்தில் ஏற்காத வேறொரு அமினோ அமிலமாக மாற்றினால், அடங்கியிருக்க வேண்டிய வளர்ச்சி மரபணுக்கள் கட்டவிழ்ந்துவிடுகின்றன. பாலிகோம்ப் என்ற அடக்கும் புரதக் கூட்டணியையே நீக்கியது போன்ற விளைவு. அங்கே குறியே காரணம். மாறாக, தூரத்திலிருந்து மரபணுவைத் தூண்டும் பகுதிகளில் எப்போதும் காணப்படும் 4ஆம் இடத்து ஒற்றை மெத்திலை ஒட்டும் நொதியின் வினைத்திறனை எலியின் கருத் தண்டுசெல்களில் கெடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான மரபணுக்கள் பெரிதாக அசையவில்லை. வரைபடத்தில் இரண்டு குறியும் ஒரே அழகோடு தெரியும். கைவைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு.

டி.என்.ஏ. மீதே ஒட்டும் மெத்தில், குரோமோசோம்கள் வளைந்து தூரத்துப் பகுதிகளை அருகில் கொண்டுவரும் வளையங்கள் இவை தனிக் கதை. இங்கே தேவைப்படவில்லை. கோஸுக்கு வருகிறேன்.

முட்டைகோஸ் இயல்பில் ஈராண்டுச் செடி. முதல் ஆண்டு இலையும் தலையும், ஒரு குளிர்காலம், பிறகு பூ. சமவெளியில் அந்தக் குளிர் கிடைப்பதில்லை. அதனால்தான் ஐரோப்பிய வகைக் கோஸ், கேரட் விதைகளை மலைப்பகுதிகளில் எடுக்க வேண்டியிருக்கிறது. நான்டீஸ் வகைக் கேரட்டுக்குக் குளிர் வேண்டும், சமவெளியில் விதை எடுக்கும் பூசா கேசர் போன்ற ஆசிய மரபு வகைகளுக்கு அது தேவையில்லை. விதைக்காகக் கோஸ் வளர்ப்பவர்கள் தலையின் மேல் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுவார்கள், உள்ளிருந்து வரும் தண்டு சிக்காமல் மேலே வர. உங்கள் தோட்டத்தில் அது கீறல் இல்லாமலே வெடித்துக்கொண்டு வருகிறது. மண்டிக்குப் போக வேண்டிய தலை அது. வெடித்தால் விலை இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இதன் உள்விவரம் கடுகுக் குடும்பத்தின் சின்னஞ்சிறு செடியான அராபிடாப்சிஸில் வெளிவந்தது. கோஸும் அதே குடும்பம். அதே மரபணுவின் உறவுகள் கோஸிலும் இருக்கின்றன. மரபணுவின் பெயர் எஃப்.எல்.சி.; 1999இல் அடையாளம் காணப்பட்டது. அதன் புரதம் பூக்கத் தூண்டும் மரபணுக்களை அடக்கிவைக்கும். எஃப்.எல்.சி. இயங்கிக்கொண்டிருக்கும் காலம்வரை பூ இல்லை. வாரக்கணக்கில் குளிர் பட்டால் அது அடங்குகிறது. குளிர் போய் வெயில் வந்த பிறகும் அடங்கியே இருக்கிறது. செடி எத்தனை புது இலை விட்டாலும், அந்த இலைகளின் செல்கள் குளிர் காலத்தில் பிறந்தே இருக்காவிட்டாலும், அடங்கியே இருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்வியின் உயிர் இங்கேதான். குளிர் போய்விட்டது, தொடங்கிவைத்த புரதமும் போய்விட்டது. நினைவு எங்கே?

நடப்பது இது. குளிர் தொடர்ந்தால் வி.ஐ.என்.3 என்ற புரதம் மெல்ல மெல்ல, வாரங்களாகச் சேர்கிறது. அது பாலிகோம்ப் கூட்டணியோடு சேர்ந்து எஃப்.எல்.சி. மரபணுவின் தொடக்கப் பகுதியில், இரண்டு மூன்று நியூக்ளியோசோம் அளவுள்ள சிறு இடத்தில், நான் மேலே சொன்ன 27ஆம் இடத்து மெத்தில் குறியை மூன்று மூன்றாக ஏற்றுகிறது. சூடு திரும்பியதும் வி.ஐ.என்.3 மறைந்துவிடும். ஆனால் குறி அந்தச் சிறு இடத்திலிருந்து மரபணு முழுவதும், சுமார் 6000 எழுத்து நீளத்துக்கும், பரவுகிறது. செல் பிரியும்போது பழைய ஹிஸ்டோன்கள் இரண்டு மகள் டி.என்.ஏ.க்கும் பங்காகப் போகின்றன. இடையில் குறியில்லாத புது ஹிஸ்டோன்கள் வந்து அமர்கின்றன. பாலிகோம்ப் கூட்டணியில் ஒரு புரதம் பழைய குறியைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் கூட்டணியின் நொதி வேகமெடுத்து, அருகிலுள்ள புது ஹிஸ்டோனிலும் அதே குறியை இடும். இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகச் செல்கள் குளிரை மறப்பதில்லை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நான்கு வாரக் குளிரில் எஃப்.எல்.சி. பாதி அடங்கியது என்று அளவீடு சொல்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு செல்லிலும் பாதியாகக் குறைந்ததா? இங்கிலாந்தின் நார்விச்சில் ஜான் இன்னஸ் மையத்தில் கரோலின் டீனும் மார்ட்டின் ஹோவர்டும் 2011இல் காட்டியது வேறு: தனித்தனிச் செல்லில் அது முழுதாக இயங்குகிறது, அல்லது முழுதாக அடங்கிவிட்டது, நடுநிலை இல்லை. குளிர் நீள நீள அடங்கிய செல்களின் விகிதம்தான் கூடுகிறது. இரவு பத்து மணிக்கு மேல் கல்லாறிலிருந்து குன்னூர்ச் சரிவைப் பார்த்தால் வெளிச்சம் சிறிது சிறிதாகக் குறைவது போலத் தெரியும். எந்த வீட்டிலும் விளக்கு பாதி எரிவதில்லை, ஒவ்வொரு வீடாக அணைகிறது. செடி குளிர் நாட்களை எண்ணுவது இந்த முறையில்தான்.

2015இல் அதே மையத்திலிருந்து வந்த சோதனை உங்கள் முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது. ஒரு செல்லில் எஃப்.எல்.சி. இரண்டு பிரதி உண்டு. ஒரு பிரதிக்கு மஞ்சள் ஒளி தரும் புரதத்தையும், மற்றொன்றுக்குச் சிவப்பு ஒளி தரும் புரதத்தையும் இணைத்தார்கள். யோசித்துப் பாருங்கள்: நினைவு, செல்லுக்குள் மிதந்து திரியும் ஏதோ ஒரு புரதத்தில் இருந்தால், அது இரண்டு பிரதிக்கும் பொதுவாகப் போய்ச் சேர வேண்டும், இரண்டும் சேர்ந்து எரியும் அல்லது சேர்ந்து அணையும். நினைவு அந்தந்தப் பிரதியின் குரோமாட்டினிலேயே இருந்தால், ஒன்று எரிந்து மற்றொன்று அணைந்த செல்களும் தென்பட வேண்டும். அரைகுறைக் குளிர் தந்த செடிகளின் வேரைப் பார்த்தபோது அப்படிப்பட்ட செல்கள் இருந்தன. மஞ்சள் மட்டும் எரிகிற செல்லின் வாரிசுகள் வேரில் வரிசையாக மஞ்சளாகவே நின்றன. ஒரே எழுத்துவரிசை, ஒரே உட்கரு, ஒரே புரதக் கலவை. வேறுபட்டது சுற்றியிருந்த குரோமாட்டின் மட்டும். இயங்காததால் மூடியது என்று சொல்லி இதை விளக்க முடியாது. மூடிய நிலைதான் இயங்காமையைக் கடத்துகிறது.

விதை உருவாகும்போது கருவில் இந்தக் குறி அழிக்கப்பட்டு எஃப்.எல்.சி. மீண்டும் இயங்கத் தொடங்கும். ஆகவே தாய்ச்செடி பார்த்த குளிர் மகளுக்குக் கணக்கில் வராது. அடுத்த தலைமுறை தன் குளிரைத் தானே பார்க்க வேண்டும்.

உங்கள் தோட்டத்துக்கு இது என்ன சொல்கிறது? உறைபனி விழுந்தால் கோஸ் பூத்துவிடும் என்று நீலகிரியிலும் மேல்மலையிலும் சொல்வது கேட்டிருப்பீர்கள். உறைபனி தேவையே இல்லை. தேவை, நீண்ட, இடைவிடாத குளிர். அராபிடாப்சிஸை ஸ்வீடனிலும் நார்விச்சிலும் வயல்வெளியில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. பகலில் ஒரு வேளை 15 டிகிரிக்கு மேல் சூடு ஏறிவிட்டால்கூட வி.ஐ.என்.3 சேர்வது தடைபடுகிறது என்று அது காட்டியது. செடி கவனிப்பது இரவுக் குளிரைவிட, பகலில் சூடு வராமல் இருப்பதை. நம் மலையில் இது யோசிக்க வைக்கும் செய்தி. தலைகுந்தாவில் விடியற்காலை புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் நாள் பெரும்பாலும் வானம் தெளிந்த நாள்; அன்று மதியம் வெயில் சுளீரென்று 20 டிகிரியைத் தொடும். மூடுபனியும் தூறலுமாக நாள் முழுவதும் 10, 12 டிகிரியில் கிடக்கும் வாரத்தில் உறைபனி இருக்காது. அராபிடாப்சிஸின் கணக்கு அப்படியே பொருந்தினால், அந்த இரண்டாவது வாரம்தான் கோஸுக்கு அதிகக் குளிர்காலம். குளிரை உணர்வது தண்டின் வளர்நுனி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோஸில் அந்த நுனி தலைக்குள் பல அடுக்கு இலைக்கு அடியில் இருக்கிறது. வரப்பில் தொங்கும் வெப்பமானி காட்டுவது அதன் வெப்பநிலை அல்ல.

வயதும் முக்கியம். சின்ன நாற்றாக இருக்கும்போது எவ்வளவு குளிர் பட்டாலும் கோஸ் அதை எடுத்துக்கொள்ளாது. தண்டு ஏறத்தாழப் பென்சில் பருமன் வந்த பிறகே குளிர் கணக்கில் ஏறும். ஐப்பசிக்கு முன்பே நட்டுத் தண்டு பருத்துவிட்ட கோஸ் முழுக் குளிர்காலத்தையும் வாங்கிக்கொள்கிறது. மார்கழியில் நட்ட இளம் நாற்று அதே வயலில், அதே குளிரில், பூக்காமல் தலை கட்டும். சில கோஸ் மட்டும் பூத்தண்டு விடுவதற்கு, விதைப் பாக்கெட்டைக் குறை சொல்லும் முன், அதே பாத்தியில் முன்னதாகப் பருத்த செடிகள்தானா என்று பாருங்கள்.

கேரட்டும் பீட்ரூட்டும் குளிர் கேட்கும் பயிர்கள்தான், ஆனால் வேறு குடும்பங்கள்; கோஸின் கதையை அப்படியே அங்கே ஒட்டவைக்காதீர்கள். பீட்ரூட்டில், பொதுவாகப் பூக்கத் தூண்டும் எஃப்.டி. குடும்பத்து மரபணு ஒன்றே பூவைத் தடுக்கும் வேலையைச் செய்கிறது, குளிர் அதை அடக்குகிறது. கோதுமையில் இன்னும் சுவாரசியம். வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் இருப்பதால் நீலகிரிக்காரர்களுக்குக் கோதுமை அந்நியமல்ல. குளிர்காலக் கோதுமையில் வி.ஆர்.என்.1 என்ற மரபணு பூக்கத் தூண்டுவது. குளிருக்கு முன் அது அடங்கியிருக்கும், குளிர் அதைத் திறக்கும். அதன் உறவான பார்லியில் பார்த்தபோது, குளிருக்குப் பின் அந்த மரபணுவில் 27ஆம் இடத்து மெத்தில் குறைந்து, இயங்கும் மரபணுக்களுக்கே உரிய 4ஆம் இடத்து மூன்று மெத்தில் கூடியிருந்தது. கடுகுக் குடும்பத்தில் குளிர் ஒரு தடையை மூடுகிறது. புல் குடும்பத்தில் ஒரு தூண்டலைத் திறக்கிறது. இரண்டிலும் சூடு திரும்பிய பின் குரோமாட்டின் அதைக் காப்பாற்றுகிறது. பரிணாமம் தனித்தனியாக இரண்டு முறை வந்து சேர்ந்த ஏற்பாடு இது.

குறிஞ்சியைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். மலையில் பூ என்றால் எல்லோரும் கேட்பார்கள். 2006, 2018 என்று 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்குக் குளிர் ஆண்டுதோறும் வருகிறது. ஒரு குளிர்காலத்தைக் குறித்துவைக்கும் ஏற்பாடு மட்டும் பன்னிரண்டை எண்ணித் தராது. அதை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

கடைசியாக, கல்லூரியில் புராஜெக்ட்டாக ஏதாவது செய்ய முடியுமா என்றும் எழுதியிருந்தீர்கள். குரோமாட்டின் குறிகளை அளக்கப் பெரிய ஆய்வகம் வேண்டும். ஆனால் குளிர்நாள் எண்ணுவதைப் பார்க்க ஒரு ஃபிரிட்ஜ் போதும். முட்டைகோஸ் வேண்டாம், அது நாற்று வயதைக் கேட்டு மாதக்கணக்கில் இழுக்கும். சைனீஸ் கோஸ் விதை எடுங்கள். அது முளைத்த விதையாக இருக்கும்போதே குளிரை எடுத்துக்கொள்ளும், அதிலும் எஃப்.எல்.சி. உறவுகள்தான் தடை. ஈரத்துணியில் முளைகட்டி, வெண்முளை எட்டிப்பார்த்ததும் 5 டிகிரியில் வையுங்கள். ஒரு தொகுதிக்கு நான்கு வாரம், அடுத்ததற்கு மூன்று, இரண்டு, ஒன்று, ஒரு தொகுதிக்குக் குளிரே இல்லை. நான்கு வாரத் தொகுதியை முதலில் தொடங்கி மற்றவற்றை ஒவ்வொரு வாரமாகத் தாமதித்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நடலாம். நடுவது பங்குனிக்குப் பிறகு இருக்கட்டும். மார்கழியில் நட்டால் குளிர் காட்டாத தொகுதிக்கும் மேல்மலை இலவசமாகக் குளிர் கொடுத்துவிடும். வத்தலக்குண்டுக்கு இறக்கிக் கொண்டுபோகவும் வேண்டாம். அரைகுறைக் குளிர் முடிந்த கையோடு கடும் வெப்பம் பட்டால் ஏறிய கணக்கு அழிந்துபோவது பல பயிர்களில் உண்டு. பண்ணைக்காடு, தாண்டிக்குடி உயரம் சரியாக இருக்கும், அங்கே உறவினர் தோட்டம் இருந்தால்.

மொட்டு தெரிந்த நாளைக் குறிப்பதோடு விடாமல், அதுவரை செடி விட்ட இலைகளையும் எண்ணி எழுதுங்கள். ஒரு வாரம் மூடுபனி பிடித்துக்கொண்டால் வளர்ச்சி மந்தமாகி நாள்கணக்கு தள்ளிப்போகும். இலைக்கணக்கு அவ்வளவு தள்ளாடாது. ஒவ்வொரு தொகுதிக்கும் இருபது செடியாவது இருக்கட்டும். சராசரியை மட்டும் போடாமல் ஒவ்வொரு செடியின் எண்ணையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.